கதவுக்கு இந்தப் பக்கம்

செவ்வாய், காலை

அன்புள்ள என்னவருக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்துக்கும், முக்கியமாக அந்த முதுகுக்கும், தினமும் ஜெபிக்கிறோம். பயிற்சி மையத்தில் கொடுத்த கட்டில் தொட்டில்போலத் தொய்ந்து கிடக்கிறது என்று சொன்னீர்களே, ஒரு பலகை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஊராருக்காக யார் வாசலிலும் போய் நிற்பீர்கள். உங்களுக்கென்று ஒரு தலையணை கேட்க வாய் வராது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு 'ம்' போடுகிறீர்கள். அந்த 'ம்'மில் சந்தோஷமா, சலிப்பா, தூக்கமா என்று பத்தொன்பது வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பாட்டுக்கு எழுதலாம்.

உங்கள் இடத்தில் தற்காலிகமாக வந்திருக்கும் இளம் போதகர் நல்ல பிள்ளைதான். மைக்கை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். ஒரு மணி நேரம் பிரசங்கம். முன்வரிசைப் பெரியவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறார்கள். சமையலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது. துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உங்கள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் குறிப்பு எழுதிவைத்த தாள்கள் எதையும் தொடவில்லை, பயப்பட வேண்டாம்.

போன வியாழக்கிழமை நாலு மணிக்கு, கை தன்பாட்டுக்கு அடுப்பில் மூன்று பேருக்குத் தேநீர் வைத்துவிட்டது. கொதிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. நீங்களும் இல்லை, உங்கள் சிநேகிதர் இமாமும் வரப்போவதில்லை. மூன்று டம்ளரையும் நானே குடித்தேன்.

இமாம்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். போதகர் மனைவி பொய் எழுதக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த அந்த மெக்கானிக் நம் வீட்டுக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டாரே, அன்றைக்கு ஆரம்பித்தது. சபைக் கமிட்டியில் எல்லோரும் சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். நீங்கள்தான், அந்த ஆளின் இமாமுக்குத் தெரியாமல் செய்தால் அது திருட்டு என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனீர்கள். கையைக் காலை உடைத்து அனுப்பப் போகிறார்கள் என்று நான் முழங்காலில் நின்றேன். மூன்று மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இமாம் அந்த மெக்கானிக்கிடம் இரண்டு வாரம் பேசிப் பார்த்தார். பிறகு அவரே நம் ஆலய வாசல்வரை கொண்டுவந்து விட்டு, இவர் தன் மனதோடு வருகிறார், இவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவருடையதாகிவிட்டது. நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடிப் போடுவீர்கள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். நான் தேநீர் கொண்டுவந்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு புன்னகை. 'நன்றி தங்கச்சி' என்பார் அவர். தங்கச்சியாம்! யார் கேட்டது? நான் வெளியே வந்ததும் உள்ளே மறுபடி பேச்சும் சிரிப்பும். என்னோடு பேச உங்களுக்குக் குழாயும் காஸ் சிலிண்டரும் போதும்.

சரி, விடுங்கள். சபைச் செயலாளரின் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அவள் வருவதில்லை. பாடகர் குழுவுக்கும் வருவதில்லை. உடம்பு சரியில்லை என்கிறார் அவள் தாய், நம் செயலாளரம்மா. அவள் இஸ்லாத்தைத் தேடி இமாமிடம் போனதும், அவர் உங்களிடம் வந்து சொன்னதும், நீங்கள் அவளிடம் மூன்று முறை பேசிவிட்டு 'இது உன் மனசாட்சியின் முடிவு, நான் பூட்டுப் போட முடியாது' என்று சொன்னதும் கமிட்டிக்கு எப்படித்தான் போனதோ. யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஓய்வு என்ற பெயரில் உங்களை ஆறு மாதம் அந்த மையத்தில் புத்தகம் அடுக்க அனுப்பிவிட்டார்கள். யார் சொன்னது என்று இப்போது தோண்டி என்ன பயன்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் அன்பு மனைவி

&nbsp;

வியாழன், மாலை

அன்புள்ள என்னவருக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று தெரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேளுங்கள்.

என் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் திங்கட்கிழமை வந்தது. மூன்று வரி. 'பலகை கிடைத்தது. குழாய்க்கு ஆள் பார். மகளுக்கு என் அன்பு.' நான் அதை மூன்று முறை படித்தேன். தபால்காரர் அடுத்த தாளைத் தவறவிட்டிருப்பாரோ என்று உறையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன்.

இன்று நாலு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உங்கள் சிநேகிதர். நீங்கள் வீட்டில் இல்லாததால் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். வெயில் முகத்தில் அடித்தது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று விசாரித்தார். பிறகு, 'அவரோட லெட்டர் வந்துச்சு தங்கச்சி, நாலு பக்கம் எழுதியிருக்கார், மனசு கொஞ்சம் தேறியிருக்கார்னு தெரியுது' என்று என் சந்தோஷத்துக்காகச் சொல்கிறார்.

நாலு பக்கம்.

அவர் அதற்குப் பிறகு சொன்னதில் பாதிதான் உள்ளே போனது. நாலு பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? அங்கே ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்றா? காலையில் எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள் என்றா? இதெல்லாம் எனக்கும் தெரிய வேண்டியதுதானே! வேறொரு பெண் என்றால் தலைமுடியைப் பிடித்து உலுக்கலாம், அண்ணன் தம்பியைக் கூட்டி நியாயம் கேட்கலாம். தாடி வைத்த, அறுபதைத் தொட்ட, ஐந்து வேளை தொழுகிற ஒரு பெரிய மனிதரைப் பார்த்து வயிறெரிகிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? கேட்டால் ஊர் சிரிக்கும்.

அவர் வந்த காரியம் இது. அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். வேலையை நிறுத்தி, போனைப் பிடுங்கி, அறையில் வைத்திருக்கிறார்களாம். மருந்துக்கடை முதலாளியிடம் அவளுடைய தோழி ஒருத்தி சொல்லி, அவர் வழியாக இமாமுக்குத் தெரிந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை தொலைவில் இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். ஏதோ பையன் விவகாரம் என்று செயலாளர் நினைக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், இமாமுக்கும் தெரியும்.

இமாம் முகம் வாடியிருந்தது. அவர் பக்கத்திலும் நிம்மதி இல்லையாம். 'அவளாத்தானே வந்தா, நீங்க ஏன் உடனே சேர்த்துக்காம அவங்க போதகர்கிட்ட போய் நின்னீங்க, நீங்க யாரோட ஆளு?' என்று அவருடைய ஆட்களே கேட்கிறார்களாம். நாலு பேர் கூட்டமாகப் போய்ச் செயலாளர் வீட்டு வாசலில் நிற்போம் என்று கிளம்பியதை அவர்தான் தடுத்து வைத்திருக்கிறார். தான் போனால் அது மதச்சண்டை ஆகிவிடும் என்கிறார். 'நீங்க ஒரு தடவை போய் அந்தப் பிள்ளையைப் பார்க்கணும்' என்று கேட்டார்.

நான் முடியாது என்றேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிவெடுத்தீர்கள். இப்போது கதவுக்கு வெளியே நின்றவள் போய்ச் சரிசெய்ய வேண்டுமா? இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

எனக்குத் தலை வலிக்கிறது. இதற்கு நீங்கள் எத்தனை வரி எழுதுவீர்கள் என்று பார்க்கிறேன்.

மனைவி

&nbsp;

புதன்

அன்புள்ளவருக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். இமாம் போவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். நான் கத்தி முடித்த பிறகு, மெதுவாக, 'அன்னிக்குக் கதவுக்கு அடியில நிழல் தெரிஞ்சுச்சு தங்கச்சி' என்றார். என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். 'இல்ல. அது உங்க வீட்டு விஷயம். சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும்' என்றார்.

நான்தான் சொன்னேன். செயலாளரம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். அந்த வியாழக்கிழமை தேநீர்த் தட்டோடு வந்தவள், உள்ளே உங்கள் குரல் ஒரு மாதிரி இருக்கவே நின்றுவிட்டேன். நீங்கள் அவரிடம், 'மேடையில நின்னு ஜெபிக்கிறேன். வாய் ஜெபிக்குது, நான் பக்கத்துல நின்னு யாரோ மாதிரி பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு வருஷமா இப்படித்தான்' என்று சொன்னீர்கள். அவர், தனக்கும் அப்படி ஒரு காலம் வந்தது என்றார்.

ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷமும் உங்கள் பக்கத்தில் முழங்காலில் நின்றவள் நான். உங்கள் ஆமென்னுக்கு ஆமென் சொன்னவள் நான். அந்த வார்த்தை எனக்கு வர வேண்டியது. அதை எடுத்து வேறொருவர் கையில் வைத்துவிட்டீர்களே என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேநீர் ஆடை கட்டிவிட்டது. அப்புறம்தான் நீங்கள் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அவள் நாலு மாதமாகப் படிப்பதையும், உங்கள் இருவரிடமும் கேள்வி கேட்பதையும், அவளை யாரும் இழுக்கவும் கூடாது, கட்டிப்போடவும் கூடாது என்று நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதையும் கேட்டேன்.

மறுநாள் காலை செயலாளரம்மா வீட்டில் இருந்தேன். ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா, நம் சபைப் பிள்ளை போகலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். விசுவாசம், சபை என்றெல்லாம் நான் சொன்னது வேஷம். அந்த வியாழக்கிழமைகள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். உங்களை இவ்வளவு தூரம் அனுப்புவார்கள் என்றோ, அந்தப் பெண்ணை அறையில் வைப்பார்கள் என்றோ நினைக்கவில்லை. ஜெபம் வறண்டுபோனதாக நீங்கள் சொன்னதை மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைப் பெரிய புண்ணியமாகச் சொல்லவரவில்லை. அவளுடைய ரகசியத்தை எடுத்துக் கொடுத்தவள் என்பது மாறாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் அலுவலகம் போயிருந்தார். அம்மாதான் கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது. நான் ஜெபிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து உள் அறைக்குக் கூட்டிப்போனார். கட்டில்மேல் பாதி அடுக்கிய பெட்டி இருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். எங்கள் இருவரையும் தனியே விடச் சொன்னேன்.

என்ன பேசுவதென்று தெரியாமல், நான்தான் சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: 'அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு மாசமா வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி. எந்த நேரத்துல சொல்லணும், முதல்ல என்ன சொல்லணும், எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். உங்களை விட்டுப் போகலம்மான்னுதான் ஆரம்பிக்கிறதா இருந்தேன். நீங்க எனக்கு முன்னாடி போய்ச் சொல்லிட்டீங்க. இப்போ நான் என்ன சொன்னாலும் அது பதில் மாதிரிதான் இருக்கு.'

அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்பு கேட்டேன். 'இப்போ முடியல' என்றாள். உண்மையைச் சொல்கிற பிள்ளை. அவள் ஏன் அந்தப் பக்கம் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அவளாகவே, 'ஆலயத்துல பாடுறப்போ பொய்யா பாடல ஆன்ட்டி. அதையும் நிஜமாத்தான் பாடினேன். இதுவும் நிஜம்' என்றாள். எனக்கு அது புரியவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. நம் ஆண்டவரை விட்டு ஒருத்தி போகிறாள் என்றால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அவளை வண்டியேற்றி அனுப்பலாம், அவள் மனது கூடவே ஏறிப் போகும்.

கூடத்துக்கு வந்து செயலாளரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'உங்க மேல இருந்த அக்கறையில நான் அன்னிக்கு வரலக்கா. என் வீட்டுக்காரர் இன்னொருத்தர்கிட்ட மனசுவிட்டுப் பேசுறது எனக்குப் பொறுக்கல' என்றேன். என்னை வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 'நாலு மாசம் அந்த இமாம்கிட்ட பேசியிருக்கா, போதகர்கிட்ட பேசியிருக்கா. வீட்டுக்கு வந்தா என்கிட்ட, சோறு ஆயிடுச்சாம்மாங்கறதோட சரி. பெத்தவகிட்ட ஏன் பேசல?' என்று என்னைக் கேட்கிறார். மதம் மாறுகிறாள் என்பதைவிட அதுதான் அவருக்குப் பெரிய அடியாக இருந்தது. அந்த வலியின் வழி எனக்கு அத்துப்படி என்பதால் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

'இன்னும் அவ போகலக்கா, உள்ளதான் இருக்கா. எவன் அவன்னு கேட்காம, என்னம்மா ஆச்சுன்னு கேளுங்க' என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பயணம் நடக்கவில்லை. திங்கட்கிழமை அவள் மருந்துக்கடையில் இருந்தாள். மகளுக்குத் தொண்டை மாத்திரை வாங்கப் போனேன். எல்லோருக்கும் சொல்வதுபோல எனக்கும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள் என்றாள், அவ்வளவுதான். அவள் முடிவு மாறவில்லை. அவள் இஸ்லாத்தில் சேரும் நாளுக்கு அம்மா வர மாட்டாராம், ஆனால் கதவையும் பூட்ட மாட்டாராம். அப்பா இன்னும் அவளோடு பேசவில்லை. இமாம் அவளிடம், அவசரமே இல்லை, அப்பாவிடமும் பேசிவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கும் அவர் ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. பெண்கள் அங்கே போவதில்லை. நான் போனேன். நாற்காலி போடவில்லை, நின்றுகொண்டே பேசினேன். போதகர் மறைத்தது தன் வசதிக்காக இல்லை, ஒரு பெண் தன் வாயால் தன் வீட்டில் சொல்லட்டும் என்றுதான், அதைக் கெடுத்தவள் நான், தண்டனை என்றால் ஆள் மாறிப் போயிருக்கிறது என்றேன். மெக்கானிக் நம் பக்கம் வந்தபோது கை தட்டினோமே, அதே கதவு இரண்டு பக்கமும் திறக்காதா என்றும் கேட்டேன். ஒருவர், போதகரம்மா வரம்பு மீறுகிறார் என்றார். செயலாளர் தலை நிமிரவே இல்லை. இரண்டு பேர் உங்களைத் திரும்ப அழைக்கலாம் என்றார்கள். இன்னும் முடிவு இல்லை.

இமாமிடமும் மன்னிப்பு கேட்டேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தபோது, நாலு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது தெரிந்தது. இன்னும் எரிகிறது. நீங்கள் அவரோடு பேசுவதை நிறுத்த வேண்டாம். நான் நிறுத்தப் பார்த்ததற்கு ஒரு குடும்பமே அழுதுவிட்டது.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டும். அதை அங்கேயே வைத்து ஜெபித்து ஆற்றி, சாந்தமான முகத்தோடு வந்து 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்த முகம் சபைக்கு இருக்கட்டும். எந்த முகத்தோடு இருக்கிறீர்களோ அந்த முகத்தோடு வாருங்கள். என் எதிரே உட்கார்ந்து திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் எழுந்து போக மாட்டேன்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பாராக.

உங்கள் மனைவி